கல்வெட்டில் மருமகள் பக்கம்

அன்று அந்த அண்ணை கேட்டபோது நான் என்ன பதில் சொன்னேன்?

இதை எனக்குள் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். சோறு வடிக்கும்போது கேட்டிருக்கிறேன், மகளுக்குப் பால் கொடுக்கும்போது கேட்டிருக்கிறேன், நெளுக்குளம் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டிருக்கிறேன். அவருடைய கேள்வி நன்றாக நினைவிருக்கிறது. அவர் கையில் கணினிக்குப் போடும் ஒரு பிளொப்பி இருந்தது. கொழும்புக்குப் போகிற ஆள் பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றார். என் மகள் மேசைக்குக் கீழே இருந்து கணினியின் வயரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நினைவிருக்கிறது. என் பதில் மட்டும் இல்லை.

அந்த அண்ணை வவுனியா நகரத்தில் கணினியில் தட்டெழுதிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே வேலை செய்கிறேன். கலியாணத்துக்கு முன்பு கிளிநொச்சியில் தமிழ்த் தட்டச்சு பழகியிருந்தேன். கடைக்கு வேலை கேட்டுப் போனபோது, கணினியிலும் விசைகள் அதே வரிசையில் இருந்ததால் விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடித்தன. அண்ணை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நாளைக்கே வாரும், பிள்ளையைக் கொண்டந்தாலும் பரவாயில்லை" என்றார். அப்படித்தான் என் மகள் மேசைக்குக் கீழே வளரத் தொடங்கினாள்.

கடையில் கலியாண அழைப்பிதழ், பாடசாலை வினாத்தாள், விண்ணப்பக் கடிதம் எல்லாம் வரும். ஆனால் கூடுதலாக வருவது கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவதல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சிறிய நினைவுப் புத்தகம். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, தேவாரங்கள். அதன் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று உறவு உறவாகப் பாட்டு வரும். இதையெல்லாம் குடும்பத்தவர்கள் எழுதுவதில்லை. ஊருக்கு ஒரு புலவர் இருப்பார். எங்கள் கடைக்கு எழுதிக் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். ஊர்ப் பெயரையும் இறந்தவரின் பெயரையும் சொன்னால் போதும், புலம்பல் வந்துவிடும்.

என்ன, எல்லா வீட்டுக்கும் அநேகமாக ஒரே புலம்பல்தான் வரும். "மருமகள் என்றொருநாள் நினைத்ததுண்டோ, மகளென்றே மடியிருத்தி வளர்த்த தாயே" என்று தொடங்கும் பாட்டை நான் எத்தனை மாமிமாருக்குத் தட்டெழுதியிருப்பேன் என்று தெரியாது. பிறகு தட்டெழுதுவதையும் விட்டுவிட்டேன். பழைய கல்வெட்டைத் திறந்து, பிரதி எடுத்து, பெயரை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. மருமகளை வீட்டுக்குள் விடாத மாமிக்கும் அதே பாட்டு. மாமியோடு கதை பேச்சு இல்லாமல் இருந்த மருமகளுக்கும் அதே பாட்டு.

இணையத்தில் போடுகிற யோசனை அண்ணையின் தம்பியுடையது. அவர் நோர்வேயில் இருக்கிறார். ஊர்க்காரருக்காக ஒரு இணையத்தளம் செய்து வைத்திருந்தார். செத்தவீட்டுக்கு வரமுடியாத பிள்ளைகள்தான் இப்போது அதிகம். கல்வெட்டைத் தபாலில் அனுப்பினால் போய்ச் சேருகிறதா என்பதே தெரியாது. "அண்ணை, நீங்கள் பைலை அனுப்புங்கோ. நான் தளத்திலை போட்டுவிடுறன். ஆருக்கு வேணுமோ அவை அங்கை இருந்தே இறக்கி அச்சடிப்பினம்" என்று தம்பி சொன்னாராம். வவுனியாவில் இருந்து இணையத்துக்குப் போவது அப்போது லேசுப்பட்ட காரியமல்ல. அதனால் பைலைப் பிளொப்பியில் ஏற்றி, கொழும்புக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கும் அண்ணையின் உறவினர் அங்கிருந்து நோர்வேக்கு அனுப்புவார்.

முதலில் அனுப்பிய கல்வெட்டுக்குச் சுவிஸில் இருந்து ஒரு மகன் தொலைபேசியில் சத்தம் போட்டார். "என்ன தங்கச்சி இது? அம்மாவின்ரை கல்வெட்டைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் டொலர் அடையாளமுமாக் கிடக்கு. தேவாரத்துக்கை என்னெண்டு டொலர் வந்தது?" எங்கள் தமிழ் எழுத்துரு அவருடைய கணினியில் இல்லாததுதான் காரணம். அதன் பிறகு எழுத்துருவையும் பைலோடு சேர்த்து அனுப்பினோம். முதலில் எழுத்துருவை இறக்குங்கள், பிறகு கல்வெட்டை இறக்குங்கள் என்று தளத்தில் ஒரு குறிப்பும் போட்டார்கள். அந்தக் குறிப்பை எழுதியதும் நான்தான். என் எழுத்து கடல் கடந்து போகிறது என்று அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

போன வருடம் என் மாமி காலமானா. காய்ச்சல் என்று படுத்தவா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் எழும்பவில்லை. அவாவின் கல்வெட்டை எங்கள் கடையிலேயே செய்வது என்று முடிவாயிற்று. தட்டெழுதுவது நான். புலவர் வழக்கமான பாட்டுகளைத் தந்தார். மருமக்கள் புலம்பல் வந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது.

மாமி என்னை மடியில் இருத்தி வளர்க்கவில்லை. மடியில் இருத்துகிற சாதி மனுசி அல்ல அவா. நான் காய்ச்சும் சொதியை ருசி பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் இவ்வளவு படிச்சனியோ?" என்று கேட்பா. நான் எதையும் இரண்டு தரம் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவள். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போவேன். "போய்ப் பார், போய்ப் பார், கதவு நடந்து போயிருக்கும்" என்பா. ஆனால் அவா எனக்குச் செய்த ஒன்று எந்தப் புலவருக்கும் தெரியாது. என் கணவருக்கும் தெரியாது.

அதை எழுதினேன். பாட்டாக அல்ல, ஒரு பக்கம் உரைநடையாக. புலவருடைய புலம்பல் இருக்கவேண்டிய இடத்தில் அப்படியே தட்டினேன். ஒரே மூச்சில் வந்தது. நான் எழுதியது இதுதான், சுருக்கிச் சொல்கிறேன்.

சண்டையால் எங்கள் ஊரான கண்டாவளையை விட்டு வெளிக்கிட்ட பிறகு ஒரு பாடசாலையின் வகுப்பறையில் வேறு குடும்பங்களோடு இருந்தோம். என் மூத்த பிள்ளை, மகன், அங்கேதான் பிறந்தான். அவன் பிறந்த பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்தது. பிள்ளையைத் தூக்கினால் கை விட்டுவிடும் என்று. பாடசாலைக் கிணற்றடியைத் தாண்டித்தான் மலசலகூடத்துக்குப் போகவேண்டும். அந்தக் கிணற்றைப் பார்க்கும்போதெல்லாம் பிள்ளை என் கையில் இருந்து அதற்குள் போவதுபோல ஒரு படம் கண்ணுக்குள் வரும். பிள்ளை கையில் இல்லாதபோதும் வரும். அதனால் முதலில் கிணற்றடிக்கு அவனைக் கொண்டு போகாமல் விட்டேன். பிறகு வாசலுக்குக் கொண்டு போகாமல் விட்டேன். கடைசியில் தூக்குவதையே விட்டேன். படுத்தபடி பால் கொடுப்பேன். கொடுத்து முடிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பேன்.

மாமி என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒருநாள் வந்து பக்கத்தில் இருந்தா. "உனக்குப் படிப்பும் கிடக்கு, பயமும் கிடக்கு. எனக்கு ரெண்டும் இல்லை. கொண்டா பிள்ளையை" என்றா. அன்றிலிருந்து பால் குடிக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பிள்ளை அவாவிடம். சேலைத் துண்டால் மார்போடு கட்டிக்கொண்டே விறகு பொறுக்கினா, தண்ணீர் அள்ளினா. வகுப்பறையில் இருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா?

"என்ன மாமி, பெத்தவள் படுத்துக்கிடக்கிறாள், நீங்கள் சுமக்கிறியள்?"

"அவளுக்கு நாரி நோ, இடுப்பை அசைக்கேலாது. பிள்ளை தூக்கப்பிடாதெண்டு டொக்குத்தர் சொன்னவர்."

"எந்த டொக்குத்தர், இந்தக் காட்டுக்கை?"

"உனக்குத் தெரியாத டொக்குத்தர்."

அந்தப் பொய்யை மாமி தன் மகனுக்கும், அதாவது என் கணவருக்கும், சொன்னா. நான் மெல்ல மெல்லத் தேறி, பிள்ளையைத் தூக்கி, கிணற்றடியால் நடந்து போன நாள் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தா. அதன் பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை இல்லை.

இவ்வளவுதான் அந்தப் பக்கம். என் மகனை வீட்டில் கூப்பிடும் பெயரும் அதில் இருந்தது.

கல்வெட்டுகளை அச்சுக்குப் போகமுதல் அண்ணை ஒருதரம் வாசிப்பார். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, இது நீர் எழுதினதோ?"

"ஓம் அண்ணை. சும்மா எழுதிப் பாத்தனான். எடுத்துப்போட்டுப் பாட்டை வைக்கிறன்."

"நல்லாயிருக்கு."

"வேண்டாம் அண்ணை. சனம் வாசிக்கிறது."

அவர் வற்புறுத்தவில்லை. நான் என் பக்கத்தை எடுத்துவிட்டுப் புலவரின் பாட்டை வைத்து, அதை வேறு பெயரில் சேமித்தேன். அச்சானது அதுதான். முப்பத்தோராம் நாள் நெளுக்குளத்தில் எங்கள் வாசலில் நின்று நானே எல்லோருக்கும் அதைக் கொடுத்தேன். பழைய பைலை மட்டும் அழிக்கவில்லை. ஏன் அழிக்கவில்லை என்று கேட்டால், ஒரு நல்ல காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. மாமி செய்ததை வேறெங்கும் யாரும் எழுதி வைக்கவில்லையே என்று நினைத்திருக்கலாம். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று அண்ணை சொன்னது பிடித்திருந்ததாலும் இருக்கலாம். இரண்டாவதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு அந்த நாள் வந்தது. கொழும்புக்குப் போகிறவருக்கு ரெயிலுக்கு நேரமாகிவிட்டது. அண்ணை பிளொப்பியைக் கையில் வைத்தபடி கேட்டார்.

"மாமியின்ரை கல்வெட்டு ரெண்டு பைலாக் கிடக்கு. உம்மடை பக்கம் உள்ளதைப் போடட்டோ, புலவற்றை பாட்டு உள்ளதைப் போடட்டோ?"

மகள் வயரை இழுத்தாள். நான் குனிந்து அவளைத் தூக்கினேன். அவள் வீரிட்டு அழுதாள். அதன் பிறகு நினைவில் இருப்பது, அந்த ஆள் பிளொப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனது.

ஒரு மாதத்துக்குள் கனடாவில் இருந்து மச்சாள் கடைக்குத் தொலைபேசி எடுத்தா. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, மாமியின் மூத்த மகள். செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவா.

"வாசிச்சனான். வாசிச்சு வாசிச்சு அழுதனான்" என்றா.

"பாட்டையோ மச்சாள்?"

"பாட்டை ஆர் வாசிக்கிறது? நீ எழுதினதை."

அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் யாருக்கோ அழைப்பிதழ் மாதிரி காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கடை அம்மா அப்பிடித்தான். வாயைத் திறந்தால் ஏச்சு, கை செய்யிறது வேறை" என்று சொல்லி மச்சாள் மூக்கை உறிஞ்சினா. பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "ஆனா நீ இதையெல்லாம் ஊருக்குச் சொல்லவேணுமோ? இங்கை கோயிலிலை ஒரு மனுசி கேக்குது, உன்ரை தம்பியின்ரை பெண்சாதிக்கு மூளை சுகமில்லையோ எண்டு. நான் என்ன சொல்ல?"

"மச்சாள், அது பைல் மாறிப் போட்டுது. எடுக்கச் சொல்லுறன்."

"எடுக்காதை!" என்று கத்தினா. "அம்மாவைப் பற்றி அந்தப் பக்கத்திலைதான் ஏதோ கிடக்கு. மற்றதெல்லாம் ஊரார் தாய்மாரின்ரை பாட்டு." திரும்பவும் மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆனா வாசிக்கவும் வெக்கமாக் கிடக்கு" என்றா. பிறகு காசு ஓடுகிறது என்று வைத்துவிட்டா.

அண்ணையிடம் போனேன். "ஏன் அண்ணை அதை அனுப்பினியள்?"

"நீர்தானே சொன்னனீர்."

"நானோ?"

"பின்னை நானோ? உம்மடையோ எண்டு திருப்பியும் கேட்டனான். தலையை ஆட்டினீர்."

அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஆட்டுகிறவளுக்குத் தலையும் சேர்ந்துதான் ஆடும். உண்மையில் தலையாட்டினேனா, வேண்டுமென்றே ஆட்டினேனா, எனக்குத் தெரியவில்லை. எனக்குள் ஒருத்தி அது போகட்டும் என்று விரும்பியிருப்பாளோ என்ற சந்தேகம்தான் என்னைத் தின்கிறது.

மச்சாள் என் கணவரோடும் கதைத்துவிட்டா. அவர் நெல் ஆலையில் வேலை செய்கிறார். கணினியைத் தொட்டதில்லை. வேலையால் வந்து, குளித்து, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா ஏதோ சொல்லுறா. நீ என்னவோ எழுதினதாம். எனக்கும் ஒருக்கால் காட்டு."

அடுத்த நாள் கடையில் ஒரு தாளில் அச்செடுத்து மடித்துக் கொண்டுவந்தேன். அவர் கதிரையில் இருந்து வாசித்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரிக்கவேண்டியதை விடவும் கூட உரித்துவிட்டேன். அவர் மெதுவாக வாசிக்கிறவர், வாய் அசையும். வாய் அசைவது நின்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்ப அந்த எண்ணெய்?" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. நாரி நோ என்று தாய் சொன்னதை நம்பி, அவர் சைக்கிளில் எங்கேயோ தூரத்தில் நாட்டு வைத்தியம் செய்த ஒரு பரியாரியிடம் போய் எண்ணெய் வாங்கி வந்தவர். வழியெல்லாம் சேறு. இடுப்பில் பூசிவிட்டு, "இப்ப சுகமோ, இப்ப சுகமோ" என்று கேட்பார். நானும் சுகம் என்பேன். முடிந்ததும் திரும்பவும் போய் வாங்கி வந்தார்.

"எண்ணெய் நல்லதுதான்" என்றேன்.

"நோ இல்லாத நாரிக்கோ?"

"இஞ்சருங்கோ, நான் அவாவை அப்பிடிச் சொல்லச் சொல்லேல்லை. மாமி சொன்னவா."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா என்ன செய்திருப்பியள்?"

அவர் நேர்மையான மனிதர், யோசித்தார். "அம்மாட்டைச் சொல்லியிருப்பன்" என்றார்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சிரித்து முடித்த பிறகு மகன் முற்றத்தில் விளையாடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் குந்தியிருந்து, முன்பள்ளியில் பழகிய எழுத்துகளை மண்ணில் கீறிக்கொண்டிருந்தான். "இவன் வாசிக்கத் தொடங்கினா?" என்றார். தாளை மடித்துக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார்.

அதுவரைக்கும் நான் வெட்கப்பட்டது ஊருக்காக. மகன் வாசிப்பான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவனுடைய வீட்டுப் பெயரைப் போட்டு, உன் தாய் உன்னைத் தூக்கப் பயந்தவள், உன்னைக் கிணற்றுக்குள் கண்டவள் என்று நான் எழுதி, எவரும் இறக்கிக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே விட்டிருக்கிறேன். அவன் அதை என் வாயால் கேட்கமுதல் வேறு யாராவது அச்செடுத்து அவன் கையில் கொடுக்கலாம்.

அது வீண் பயம் அல்ல என்று சில வாரங்களில் தெரிந்தது. ஒரு பெண் கடைக்கு வந்தா. என்னை விடக் கொஞ்சம் வயது கூட, நல்ல சேலை, கையில் ஒரு தோற்பை. தன் மாமியின் கல்வெட்டுக்காக வந்தவா. பையில் இருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தா. என் பக்கம்.

"லண்டனிலை இருந்து அண்ணா அனுப்பினவர். இப்பிடி ஒரு மருமகள் பக்கம் வைக்கச் சொல்லுறார். இப்ப இதுதானாம் எல்லாரும் வாசிக்கினம்."

நான் தாளின் மடிப்பை விரலால் நீவிவிட்டேன்.

"எழுதின மனுசிக்கு விசர் போல, மூளை பிசகியிருக்கு" என்றா அவா, குரலைத் தாழ்த்தி. "ஆனா எழுத்து உருக்கம். என்ன?"

அண்ணை பக்கத்து மேசையில் இருந்து எழும்பி, மை வாங்கவேணும் என்று சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இது அவையின்ரை சொந்தக் கதைதானே அக்கா?" என்றேன். "உங்கடை மாமியைப் பற்றி நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதித்தாறன்."

"எங்கடை மாமியைப் பற்றி என்னத்தைச் சொல்லுறது? இதிலை பெயரை மாத்துங்கோ, காணும்."

"இதிலை பிள்ளை வருது..."

"எனக்குப் பிள்ளை இல்லைத் தங்கச்சி. பிள்ளை வாற இடத்தை எடுத்துப்போட்டு, எனக்கு ஏதோ வருத்தம் வந்து மாமி பாத்தவா எண்டு போடுங்கோவன். அந்த டொக்குத்தர் பகிடியை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ. அது நல்லாயிருக்கு."

நான் மறுத்திருக்க வேண்டும். எழுதினது நான்தான் என்று சொல்லியிருந்தால் அவாவே தாளை மடித்துக்கொண்டு போயிருப்பா. விசர் மனுசி என்று சொன்ன பிறகு எப்படிச் சொல்வது? கடமையாகத் தட்டெழுதினேன். கிணற்றை எடுத்தேன், பிள்ளையை எடுத்தேன், காய்ச்சலை வைத்தேன். மாமியின் பொய்யை விட்டேன். அந்தக் கல்வெட்டும் அச்சாகி, இணையத்துக்கும் போயிற்று. புலவரின் பாட்டைப் போலவே என் பக்கத்துக்கும் இப்போது பெயர் மாற்றுகிறார்கள். என் மாமி வேறொரு வீட்டு மாமியாகி, காய்ச்சலுக்கு நாரி நோ என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறா. அதை வாசிக்கிற யாருக்கும் ஏன் அந்தப் பொய் என்று விளங்கப் போவதில்லை.

அதன் பிறகு அண்ணையிடம் கேட்டேன், என் மாமியின் கல்வெட்டைத் தளத்தில் இருந்து எடுக்கலாமோ என்று.

"தம்பிக்குச் சொன்னா எடுப்பான். அது பெரிய வேலையில்லை" என்றார். "ஆனா இறக்கி வைச்சிருக்கிறவையின்ரை கொம்பியூட்டருக்குள்ளை இருக்கிறதை ஆர் எடுக்கிறது?"

"இனி இறக்கிறவைக்காவது இல்லாமல் போகுமே அண்ணை."

"அதுவும் சரி. பாட்டு உள்ள பைலை அனுப்பட்டோ?"

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். என் பயத்தை எடுத்துவிட்டு, மாமி செய்ததை மட்டும் வைத்து ஒரு புதிய பக்கம் எழுதுவது. மதியம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் இருந்து எழுதிப் பார்த்தேன். பயத்தை எடுத்தால் மாமி ஏன் பிள்ளையைச் சுமந்தா என்பதற்குக் காரணம் இல்லை. சும்மா பேரப்பிள்ளையில் ஆசை கொண்ட ஒரு மனுசி ஆகிவிடுகிறா. உலகத்தில் அப்படி எத்தனையோ பேர். பொய்யை வைத்தால் காரணம் வேண்டும். எனக்கு உண்மையிலேயே நாரி நோ இருந்தது என்று எழுதினால், பொய் சொன்னது மாமி அல்ல, நான். கணவர் அலுமாரிக்குள் வைத்திருக்கும் தாளை வைத்துக்கொண்டு அப்படி ஒரு பொய்யை எப்படி எழுதுவது? எத்தனையோ விதமாக எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். என் வெட்கத்தை மறைத்தால் மாமியும் சேர்ந்து மறைந்து போகிறா. மாமியை வைத்திருக்க வேண்டுமென்றால் என் வெட்கமும் அங்கேயே இருக்கவேண்டும்.

கணவரிடம் கேட்டேன். "உனக்கு எப்பிடித் தோன்றுதோ அப்பிடிச் செய்" என்றார். அவர் அப்படிச் சொல்லும்போது எனக்கு ஒன்றுமே தோன்றுவதில்லை. மச்சாள் எடுக்காதே என்றா, ஆனால் கோயிலில் அந்த மனுசியைக் கண்டால் வேறு பக்கத்தால் போகிறாவாம். அண்ணை பாட்டு உள்ள பைலைப் பிளொப்பியில் ஏற்றி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார். கொழும்புக்கு யாராவது போகிறார்கள் என்றால் என் முகத்தைப் பார்ப்பார். நான் அடுத்த ஆளிடம் கொடுப்போம் என்பேன். மகள் பிறந்தபோது அந்தப் பயம் வரவில்லை, வருமோ என்ற பயம்தான் வந்தது. அதையும் மாமியிடம் சொல்லவில்லை. அவா வந்து மகளைத் தன் பாட்டில் தூக்கிக்கொண்டு போனா. இப்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடாமல் எழுதினாலும் எங்களைத் தெரிந்தவர்கள் கண்டுபிடித்து விடுவார்கள் என்று இந்த வரியை எழுதும்போதே மனம் பதைக்கிறது.

இதை வாசிக்கும் தாய்மாரிடம் கேட்கிறேன். உங்களில் யாருக்காவது, பெற்ற பிள்ளையைத் தூக்கப் பயந்த காலம் ஒன்று இருந்ததா? இருந்தால், அதைப் பிள்ளைக்குச் சொன்னீர்களா, எந்த வயதில் சொன்னீர்கள், என்ன வார்த்தையால் தொடங்கினீர்கள்? பிள்ளைகளாக இருந்து வளர்ந்தவர்களிடமும் கேட்கிறேன். உங்களுடைய தாய் இப்படி ஒன்றை எழுதி வைத்திருந்தால், அது உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதை விரும்புவீர்களா, இல்லாமல் போவதை விரும்புவீர்களா? மகன் தைமாதம் முதலாம் வகுப்புக்குப் போகிறான். எழுத்துக் கூட்டி வாசிக்க அதன் பிறகு கனகாலம் எடுக்காது. நான் எந்தப் பைலை அனுப்பவேண்டும் என்று, ஏச்சாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த இதழின் முகவரிக்கு இரண்டு வரி எழுதுங்கள்.